மிஞ்சுவது 20,000 ரூபாய்தான், வேலையை விட்டுவிடலாமா?

கேள்வி: எனக்கு 32 வயது. வில்லிவாக்கத்தில் இருக்கிறோம். எம்.காம். முடித்து எட்டு வருஷமாக அக்கவுண்ட்ஸ் வேலை பார்க்கிறேன். இப்போதைய கம்பெனி சோழிங்கநல்லூரில். சேர்ந்து நாலே கால் வருஷம் ஆகிறது. கைக்கு வருவது 41,000. மகளுக்கு இரண்டு வயது முடியப்போகிறது. மாமியாருக்கு மூட்டு வலி, குழந்தை பின்னால் ஓட முடியாது. கிரெஷ் 11,000, போக்குவரத்து 4,500, சமைக்க வரும் அக்காவுக்கு 3,500, வெளிச்சாப்பாடு அது இது என்று 2,000. போக மிஞ்சுவது 20,000. “இதுக்காகவா காலையில ஏழு மணிக்குக் கிளம்பி ராத்திரி எட்டு மணிக்கு வர்ற? நாலு வருஷம் வீட்டுல இரு, பாப்பா ஸ்கூல் போனதும் மறுபடி பார்த்துக்கலாம்” என்கிறார் கணவர். நல்லவர்தான்; நான் படும் பாட்டைப் பார்த்துதான் சொல்கிறார். என்னோடு ஒரே நாளில் சேர்ந்தவர் இன்று டீம் லீட், 56,000 வாங்குகிறார். நான் மகப்பேறு விடுப்பில் இருந்த வருஷம் எனக்கு இன்கிரிமென்ட்டே போடவில்லை. பேசாமல் வேலையை விட்டுவிட்டு அஞ்சல் வழியில் எம்.பி.ஏ. படிக்கலாமா? உங்கள் பதிலைக் கணவரிடம் காட்டலாம் என்றிருக்கிறேன். (பெயர் வேண்டாம், சென்னை-49)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்: இப்போது விட வேண்டாம். பெண்கள் கட்டாயம் வேலைக்குப் போயே ஆக வேண்டும் என்ற கொள்கைப் பிடிவாதத்தில் சொல்லவில்லை. உங்கள் வீட்டில் போட்ட கணக்கு இடிக்கிறது. நீங்கள் கணக்குப் பிரிவு ஆள் என்பதால் கொஞ்சம் விவரமாகவே பேசலாம்.

நீங்கள் அனுப்பிய சம்பளச் சீட்டைப் பார்த்தேன். அடிப்படைச் சம்பளம் 20,000. பி.எஃப். பிடித்தம் 2,400. கம்பெனியும் அதே 2,400 போடுகிறது. அதில் 1,250 பென்ஷன் கணக்குக்குப் போகிறது, அதுவும் உங்கள் பெயரில்தான். ஆக மாதம் 4,800 ரூபாய் கண்ணில் படாமலே சேர்ந்துகொண்டிருக்கிறது. மிஞ்சுவது 20,000 இல்லை, 24,800.

அடுத்து, கிரெஷ் கட்டணத்தை உங்கள் சம்பளத்தில் மட்டும் ஏன் கழித்தீர்கள்? குழந்தை இருவருக்கும்தானே? ஆளுக்குப் பாதி என்று எழுதினால் குடும்பத்தின் மொத்தக் கணக்கில் ஒரு ரூபாயும் மாறாது, உண்மைதான். ஆனால் ‘இவள் சம்பளம் கிரெஷுக்கே போய்விடுகிறது’ என்ற பேச்சு அடிபட்டுப் போகும். அந்தப் பேச்சிலிருந்துதான் பல வீடுகளில் ராஜினாமா கடிதம் பிறக்கிறது.

இதெல்லாம் சின்னத் திருத்தம். பெரிய பிழை, இந்த மாதச் செலவை இந்த மாதச் சம்பளத்தோடு மட்டும் ஒப்பிட்டுப் பார்ப்பது. வருஷத்துக்கு 8 சதவீதம் உயர்வு என்று வையுங்கள். (இது என் அனுமானம். உங்கள் பழைய சம்பளச் சீட்டுகளைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.) நாலு வருஷத்தில் 41,000 என்பது ஏறக்குறைய 55,800 ஆகும். நாலு வருஷம் வீட்டிலிருந்துவிட்டுத் திரும்பும்போது யாராவது பழைய 41,000-ஐயே கொடுத்தால் அதிர்ஷ்டம். அப்படிக் கொடுத்தாலும் மாதம் 14,800 பள்ளம். அது நாலு வருஷத்தோடு தூர்ந்துவிடாது. 58 வயது வரை கூடவே வரும். வீட்டிலிருக்கும் நாலு வருஷத்தில் விட்டுப்போவது, இன்றைய மிச்சத்தை வைத்தே பார்த்தால்கூட, 24,800 பெருக்கல் 48. கிட்டத்தட்ட 11.9 லட்சம். கிரெஷ் செலவோ பாப்பா எல்.கே.ஜி. போனதும் பாதிக்கு மேல் குறைந்துவிடும். பள்ளி விட்டதும் சாயங்காலம் வரை பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான். இரண்டு வருஷச் செலவுக்குப் பயந்து இருபது வருஷ வரவைக் குறைத்துக்கொள்ளும் யோசனை இது. கணக்கைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உங்கள் கணவரே ஒப்ப மாட்டார்.

‘மறுபடி பார்த்துக்கலாம்’ என்பதும் உங்கள் துறையில் அவ்வளவு சுலபமில்லை. 2016-இல் வேலையை விட்டுவிட்டு 2020-இல் திரும்பிய ஓர் அக்கவுண்டன்டை நினைத்துப் பாருங்கள். விட்டபோது வாட், சேவை வரி. திரும்பி வந்தபோது பெட்ரோல், மது போன்ற சிலவற்றைத் தவிர வாட் இல்லை, சேவை வரியும் இல்லை. 2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. அவருடைய படிப்பு அப்படியே இருந்தது, கைவேலை மட்டும் பழசாகிவிட்டது. அடுத்த நாலு வருஷத்தில் என்ன மாறும் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஏதாவது மாறும்.

இப்போது அந்த டீம் லீட் விஷயம். இதில்தான் என் துறையான பொருளாதாரம் ரொம்ப உழைத்திருக்கிறது, அதனால் கொஞ்சம் நீட்டிப் பேசுகிறேன்.

2023-இல் பொருளாதார நோபல் வாங்கிய கிளாடியா கோல்டின், ஹார்வர்டு பேராசிரியர். அந்தப் பரிசை யாரோடும் பகிராமல் தனியாக வாங்கிய முதல் பெண். அவரும் மரியான் பெர்ட்ராண்ட், லாரன்ஸ் காட்ஸ் இருவரும் சேர்ந்து, சிகாகோவில் எம்.பி.ஏ. முடித்தவர்களின் பல வருஷ வேலை வரலாற்றை ஆராய்ந்தார்கள். வேலைக்குச் சேரும்போது ஆணுக்கும் பெண்ணுக்கும் சம்பளம் கிட்டத்தட்ட ஒன்று. பத்துப் பதினைந்து வருஷத்தில் பெரிய இடைவெளி. அதற்குப் பெரும் காரணங்கள் இரண்டு: வேலையில் விழுந்த இடைவெளி, குறைந்த வேலை நேரம். இரண்டுமே பெரும்பாலும் குழந்தை பிறந்த பிறகு வருபவை. டென்மார்க்கில் அரசுப் பதிவேடுகளை வைத்துச் செய்த ஆய்விலும் இதே கதைதான். முதல் குழந்தை பிறக்கும் வரை ஆண், பெண் வருமானக் கோடுகள் சேர்ந்தே போகின்றன. பிறந்ததும் பெண்ணின் கோடு மட்டும் கீழே இறங்குகிறது. நீண்ட காலத்தில் சுமார் 20 சதவீதம் கீழேயே நின்றுவிடுகிறது. அப்பாவின் கோட்டில் அசைவே இல்லை.

டென்மார்க் எங்கே, வில்லிவாக்கம் எங்கே என்று கேட்பீர்கள். அங்கே அரசே குழந்தைக் காப்பகத்துக்குப் பெரும் பணம் செலவழிக்கிறது. அந்த ஊரிலேயே இப்படி என்றால், மூட்டு வலியோடு ஒரு மாமியாரும் 11,000 ரூபாய் கிரெஷும் மட்டுமே உள்ள ஊரில் எப்படி இருக்கும்?

கோல்டின் சொல்லும் காரணம் எனக்கு ரொம்பப் பொருத்தமாகப் படுகிறது. சில வேலைகள் பேராசை பிடித்தவை. எட்டு மணி நேரத்துக்கு ஒரு கூலி. ஆனால் ராத்திரி ஒன்பது மணிக்கு அமெரிக்க கிளையன்ட் கூப்பிட்டாலும் எடுப்பேன், மாதக் கடைசியில் ஞாயிற்றுக்கிழமையும் வருவேன் என்கிற ஆளுக்கு அதைவிடப் பல மடங்கு. வீட்டில் குழந்தை இருந்தால் இருவரில் ஒருவர்தான் அப்படி இருக்க முடியும். அது யார் என்பதைப் பெரும்பாலான வீடுகளில் யாரும் உட்கார்ந்து முடிவு செய்வதில்லை, தானாகவே முடிவாகிவிடுகிறது. 2024-இல் நம் நாட்டில் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் ஒரு நாளில் கொடுத்தது 289 நிமிடம், ஆண்கள் 88 நிமிடம். அதுவும் வீட்டு வேலை செய்கிற ஆண்களை மட்டும் கணக்கில் எடுத்து வந்த 88.

ஆகவே உங்கள் சக ஊழியருக்குக் கிடைக்கும் அதிகப்படி 15,000 முழுவதையும் பாரபட்சம் என்று நான் சொல்ல மாட்டேன். அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரு பகுதி லீட் பதவிக்கானது. அந்தப் பதவி யாருக்கு, எப்போது, எதை வைத்துக் கொடுக்கப்பட்டது என்பது இன்னொரு பகுதி. நீங்கள் விடுப்பில் இருந்தபோது காலியாகி, உங்களைக் கேட்காமலே நிரப்பினார்கள் என்றால் அது கேட்க வேண்டிய கேள்விதான். மூன்றாவது, போகிற போக்கில் ஒரே வரியில் எழுதிவிட்டீர்களே, அந்த வராத இன்கிரிமென்ட்.

அதை அப்படி விடாதீர்கள். விடுப்புக்கு முன் உங்கள் சம்பளம் 35,000. அப்புறம் இரண்டு முறை 8 சதவீதம் ஏறி இன்று 41,000. நடுவில் ஒரு 8 சதவீதம் காணோம். அது வந்திருந்தால் இன்று 44,000-க்கு மேல் வாங்கியிருப்பீர்கள். மாதம் 3,300 ரூபாய்ப் பள்ளம், ஒவ்வொரு உயர்வின்போதும் இன்னும் கொஞ்சம் பெரிதாகும். 1961-இல் வந்த மகப்பேறு பயன் சட்டமும் சரி, அதைத் தன்னுள் எடுத்துக்கொண்ட சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் சரி, ஒரு விஷயத்தில் மாறவில்லை: மகப்பேறு விடுப்பைக் காரணம் காட்டிப் பெண்ணின் பணி நிபந்தனைகளை அவருக்குப் பாதகமாக மாற்றக்கூடாது. இன்கிரிமென்ட் நிறுத்தியது இதற்குள் வருமா என்பதை ஒரு தொழிலாளர் சட்ட வழக்கறிஞர்தான் உறுதியாகச் சொல்ல வேண்டும். ஆனால் ஹெச்.ஆரிடம் கேட்க வழக்கறிஞர் தேவையில்லை. மின்னஞ்சலில் கேளுங்கள், நேரில் கேட்காதீர்கள். சண்டைத் தொனி வேண்டாம்: “அந்த ஆண்டு மதிப்பீட்டில் எனக்குக் கொடுத்த மதிப்பெண் என்ன, உயர்வு இல்லாததற்குப் பதிவான காரணம் என்ன, விடுப்புக்கு முன் நான் வேலை பார்த்த மாதங்கள் கணக்கில் எடுக்கப்பட்டனவா?” மூன்று கேள்வி போதும். பதில் எழுத்தில் வர வேண்டியிருந்தாலே பல இடங்களில் தவறு தானாகச் சரியாகிவிடும்.

ஒரே வேலைக்கு ஒரே சம்பளம் என்பது 1976-இலிருந்தே சட்டம். 2019-இல் நிறைவேறிய ஊதியச் சட்டத் தொகுப்பும் அதையே சொல்கிறது. 1987-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த மெக்கினன் மெக்கன்சி வழக்கு உண்டு. ஆண் ஸ்டெனோக்களைவிடப் பெண் ஸ்டெனோக்களுக்குக் குறைந்த சம்பளம் கொடுத்துவிட்டு, இருவர் வேலையும் ஒன்றில்லை என்று கம்பெனி வாதாடியது. நீதிமன்றம் ஏற்கவில்லை, நாற்காலியின் பெயரை விட்டுவிட்டு வேலையைப் பார்த்தது. டீம் லீட் என்ற பெயர் மட்டும் அவரிடமும் அதே வேலை உங்களிடமும் இருந்தால் இந்த வழக்கை நினைவில் வையுங்கள். உண்மையிலேயே அவர் வேலை வேறு என்றால் இது உங்களுக்கு உதவாது.

கிரெஷ் பற்றிச் சட்டத்தில் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் கிரெஷ் வசதி இருந்தாக வேண்டும். சட்டம் எழுதியவர்கள் காலை ஏழு மணிக்கு இரண்டு வயதுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வில்லிவாக்கத்திலிருந்து சென்ட்ரல், அங்கிருந்து பறக்கும் ரயிலில் திருவான்மியூர், அப்புறம் மெட்ரோவுக்காகத் தோண்டிப் போட்டிருக்கும் ஓ.எம்.ஆரில் பஸ் என்று ஒரு நாள் வந்து பார்த்திருக்க வேண்டும். வேலையிடத்துக்குப் பக்கத்துக் கிரெஷ் உங்களுக்குப் பயன்படாது. ஆனால் சில கம்பெனிகள் வீட்டுப் பக்கக் கிரெஷுக்குப் பணமாகத் தருகின்றன. உங்கள் கம்பெனியில் உண்டா என்று கேளுங்கள். பாதி கிடைத்தாலும் மாதம் 5,500.

என் கணிப்பில் உங்கள் உண்மையான எதிரி வேலை இல்லை, தூரம். ஒரு நாளில் பதின்மூன்று மணி நேரம் வெளியே இருக்கிறீர்கள். அதில் நாலு மணி நேரத்துக்குச் சம்பளமே கிடையாது. ஆகவே விடுவதா தொடர்வதா என்று மட்டும் யோசிக்காதீர்கள். வாரத்தில் இரண்டு, மூன்று நாள் வீட்டிலிருந்து வேலை கேட்டுப் பாருங்கள். வெறுமனே ‘குழந்தை இருக்கிறது’ என்று கேட்டால் இரக்கத்துக்குக் கொடுத்ததாக ஆகிவிடும், அடுத்த மேனேஜர் வந்ததும் பிடுங்கிக்கொள்வார். கோல்டினும் காட்ஸும் அமெரிக்க மருந்தாளுநர்களைப் பற்றி எழுதியது இங்கே உதவும். அந்தத் தொழிலில் ஆண், பெண் சம்பள இடைவெளி மிகவும் சுருங்கிவிட்டது. ஏனென்றால் நோயாளியின் விவரமெல்லாம் கணினியில் இருக்கிறது. ஒரு மருந்தாளுநர் விட்ட இடத்தில் இன்னொருவர் தொடரலாம். ‘இவர் இருந்தால்தான் நடக்கும்’ என்ற நிலை இல்லை. உங்கள் மாதக் கடைசி கணக்கு முடிப்பையும் அப்படி இருவர் கைமாற்றக்கூடியதாக ஆக்க முடியுமா? எந்த லெட்ஜர் எந்த நிலையில் இருக்கிறது என்று ஒரே கோப்பில் எழுதி வைத்து, நீங்களும் இன்னொருவரும் ராத்திரி கால்களை மாறி மாறி எடுப்பதாகத் திட்டம் கொடுங்கள். லீட் பதவிக்கும் அதே திட்டத்தோடு போகலாம்.

அது நடக்காவிட்டால் அம்பத்தூர், அண்ணா நகர் பக்கம் தேடுங்கள். 41,000-க்குப் பதில் 38,000 கிடைத்தாலும், போக்குவரத்துச் செலவும் தினம் மூன்று மணி நேரமும் மிஞ்சினால் அது குறைந்த சம்பளமில்லை. ஆனால் 30,000-க்கு இறங்காதீர்கள். பக்கத்தில் இருக்கிறது, பத்திரமாக இருக்கிறது என்பதற்காகப் பெண்கள் கொடுக்கும் விலை சில நேரம் அதிகமாகிவிடுகிறது. டெல்லிப் பல்கலைக்கழக மாணவிகளைப் பற்றி கிரிஜா போர்க்கர் செய்த ஆய்வில், தொந்தரவில்லாத பாதை வேண்டும் என்பதற்காகவே தரம் குறைந்த கல்லூரிகளைப் பல பெண்கள் தேர்ந்தெடுத்தது தெரிந்தது.

எம்.பி.ஏ.? வேண்டாம். தமிழ்நாட்டில் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 2021-22-இல் 47 சதவீதம். நாட்டின் சராசரி 28.4. பெண்கள் ஆண்களுக்குச் சமமாகவே படிக்கிறார்கள். எல்லாரிடமும் பட்டம் இருக்கும் ஊரில் இரண்டாவது முதுகலைப் பட்டம் உங்களைத் தனித்துக் காட்டாது. பொருளாதார அறிஞர் மைக்கேல் ஸ்பென்ஸ் 1973-இல் சொன்னதுபோல, பட்டம் பாதி நேரம் முதலாளிக்குக் காட்டும் அடையாள அட்டை. உங்களிடம் அது ஏற்கெனவே இருக்கிறது. உங்கள் அலுவலகத்தில் உங்களுக்கு இரண்டு படி மேலே இருப்பவர் என்ன படித்திருக்கிறார், எந்த மென்பொருளில் வேலை பார்க்கிறார் என்று பாருங்கள். சி.எம்.ஏ. என்ற செலவுக் கணக்கியல் படிப்பா, எஸ்.ஏ.பி. மென்பொருளா, எதுவோ அதில் பணத்தைப் போடுங்கள். வேலையில் இருந்துகொண்டே போடுங்கள்.

வேலையில் இருந்துகொண்டே என்று அழுத்துவதற்குக் காரணம் உண்டு. தேசிய வேலைவாய்ப்புக் கணக்கெடுப்பில் ஒவ்வொருவருக்கும் ஒரு எண் கொடுப்பார்கள். வீட்டு வேலை மட்டும் செய்பவருக்கு 92. நகரத்துப் படிவங்களைப் புரட்டினால் படிப்புக் கட்டத்தில் முதுகலை, நிலைக் கட்டத்தில் 92 என்று வந்துகொண்டே இருக்கும். 2023-24-இல் நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் 41.7 சதவீதம் பேர் வேலையில் இருந்தார்கள் அல்லது வேலை தேடினார்கள். 2017-18-இல் 23.3 தான், நல்ல ஏற்றம் என்று தோன்றும். ஆனால் ஏற்றத்தின் பெரும்பகுதி கிராமத்தில், சொந்த வயல், சொந்தக் கடை வேலையில். நகரத்துப் பெண்களில் அது 28 சதவீதம். படிப்பு குறைந்ததால் வந்த எண் இல்லை அது.

இவ்வளவுக்குப் பிறகும் ‘எனக்கே வீட்டில் இருக்கத்தான் ஆசை, உடம்பு தாங்கவில்லை’ என்றால் விடுங்கள். அது உங்கள் உரிமை, யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் முதலில் சம்பளமில்லா விடுப்பு கேளுங்கள். பி.எஃப். பணத்தில் கை வைக்காதீர்கள். பென்ஷனுக்குப் பத்து வருஷப் பணி வேண்டும். இரு கம்பெனியும் சேர்ந்து உங்களுக்கு எட்டு ஆகிவிட்டது. பணத்தை எடுக்காமல் வைத்திருந்தால் திரும்பியபின் மீதி இரண்டைச் சேர்த்துக்கொள்ளலாம். (தொகை பெரிதில்லை, 15,000 உச்சவரம்பில் பத்து வருஷத்துக்கு மாதம் சுமார் 2,140 ரூபாய். என்றாலும் ஆயுள் முழுக்க வரும்.) பழைய கம்பெனி பி.எஃப். இந்தக் கணக்குக்கு மாறிவிட்டதா என்றும் பாருங்கள். அப்புறம் வில்லிவாக்கத்தில் நாலு கடைக்காவது ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போட்டுக் கொடுங்கள். மாத ரிட்டர்னுக்குக் கெடுவான 11-ஆம் தேதியும் 20-ஆம் தேதியும் உங்கள் காலண்டரில் இருக்கும் வரை நீங்கள் 92 இல்லை.

கணவரிடம் காட்டலாமா என்றால், தாராளமாக. ஆனால் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். கர்நாடகக் கிராமங்களில் வேலை பார்த்த மழலையர் பள்ளி ஆசிரியைகளின் குடும்பத்தாரிடம் வீடியோ காட்டி, பேசி, மனதை மாற்றப் பார்த்தார்கள் ஆய்வாளர்கள் ஜோஷுவா டீனும் சீமா ஜெயச்சந்திரனும். ஆசிரியைகள் வேலையில் நீடிப்பதில் அதனால் எந்த மாற்றமும் வரவில்லை. அதனால் என் புத்திமதியை அவரிடம் படித்துக் காட்ட வேண்டாம். ஒரு எக்செல் தாள் போடுங்கள். அடுத்த பத்து வருஷத்துக்கு உங்கள் வரவு ஒரு பத்தியில், அவர் வரவு ஒரு பத்தியில், கிரெஷ் செலவு பொதுவில். நாலு வருஷம் விட்டால் ஒரு தாள், விடாவிட்டால் ஒரு தாள். எண்களை அவரையே நிரப்பச் சொல்லுங்கள். கூடவே, வாரத்தில் மூன்று நாள் கிரெஷிலிருந்து பாப்பாவைக் கூட்டி வருவது யார் என்பதையும் அதே உட்காரலில் பேசி முடியுங்கள்.

கடைசியாக ஒன்று. முடிவு எதுவானாலும் அடுத்த ஒன்பது மாதத்துக்குப் பேப்பர் போடாதீர்கள். இந்தக் கம்பெனியில் ஐந்து வருஷம் முடிந்தால் கிராஜுவிட்டி என்ற பணிக்கொடை வரும்: 20,000 அடிப்படைக்கு, வருஷத்துக்குப் பதினைந்து நாள் சம்பளம் (மாதத்தை 26 நாளாக வைத்து) என்ற கணக்கில் சுமார் 57,700 ரூபாய். இப்போதே விட்டால் அதுவும் கிடையாது.